ஒரே கிணறு, இரண்டு அறிக்கை: எதை நம்புவது?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா பக்கம், அதாவது நம் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊர்ப்பக்கம், பழைய தோட்டத்துக் கோயில் வளாகத்தில் 30 மீட்டர் ஆழத்துக்கு நாலு அங்குலக் குழாய்க் கிணறு போட்டிருக்கிறீர்கள். ஆடித் திருவிழா அன்னதானத்துக்கு அந்தத் தண்ணீர் ஆகுமா என்று தெரிந்துகொள்ள, நிர்வாகத்தில் ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைப்பில் மினரல் வாட்டர் போத்தலில் பிடித்து ஆபீசில் வைத்திருந்து, திங்கட்கிழமை ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தார். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இரும்பு 0.18, நைட்ரேட் 2.7, அமில-கார அளவான பிஎச் 7.4, கிருமி இல்லை என்று வந்தது. தேநீர் கலக்கினால் கறுத்துப்போகிறதே என்று சந்தேகப்பட்ட இன்னொருவர் வேறு ஆய்வுக்கூடத்தில் போத்தல்கள் வாங்கிவந்தார். அன்றைக்கு மோட்டார் பழுது. குழாய் மூடியைத் திறந்து, கயிற்றில் சின்ன டின்னைக் கட்டி இறக்கி எடுத்து, அன்றே கொண்டுபோய்க் கொடுத்தார். இரும்பு 5.6, நைட்ரேட் 12, பிஎச் 5.9, கோலிஃபார்ம் என்ற கிருமி இருக்கிறது என்று வந்தது. இதில் எந்த லேப் பொய் சொல்கிறது என்று கேட்கிறீர்கள்.

இரண்டு லேப்பும் உண்மையே சொல்லியிருக்கலாம். ஆய்வுக்கூடத்துக்குத் தெரிந்தது அதன் மேசைக்கு வந்த போத்தல் மட்டும்தான். அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் பாருங்கள், இந்த முடிவுகள் கிடைத்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது கிணற்றைப் பற்றி. கிணற்றுக்கும் போத்தலுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் விடை இருக்கிறது.

நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவன். பாதிக் காலம் களத்தில் மாதிரி எடுத்தேன், பாதிக் காலம் ஆய்வுக்கூடத்தில் அறிக்கை சரிபார்த்தேன். நிலத்தடிப் பாறை அமைப்பு என் துறை இல்லை, மருத்துவமும் இல்லை. ஆனால் மாதிரி எடுப்பதன் முதல் பாடத்தை நான் படித்தது எந்தக் கல்லூரியிலும் இல்லை, தோட்டத்துப் பால் ஸ்டோரில். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். வாளியில் கொண்டுவரும் பாலில் ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு எடுக்கும் ஒரு குவளைப் பாலைக் கலக்கிவிட்டு எடுத்தார்களா, மேலோட்டமாக மொண்டார்களா, மழைத்தண்ணீர் சேர்ந்ததா என்று தினமும் சண்டை நடக்கும். கருவியைப் பற்றி யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை எல்லாம் அந்தக் குவளையைப் பற்றித்தான்.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம். எளிதானது நைட்ரேட். 2.7-உம் 12-உம் பார்க்க நாலு மடங்கு வித்தியாசம் போலத் தெரிகிறது. ஆனால் சில ஆய்வுக்கூடங்கள் நைட்ரேட்டை அதிலிருக்கும் நைட்ரஜனின் எடையாக எழுதும், சில முழு நைட்ரேட்டின் எடையாக எழுதும். முதல் வகையை 4.43-ஆல் பெருக்கினால் இரண்டாவது வகை கிடைக்கும். 2.7-ஐப் பெருக்கிப் பாருங்கள், 11.96 வரும். இரண்டு பேரும் ஒரே விடையை இரண்டு அலகில் சொல்லியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. அறிக்கையில் அலகுக்குப் பக்கத்தில் எந்த வடிவத்தில் என்று போட்டிருக்கும், போடவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள். சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரம் நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்கிறது. அந்தக் கணக்கில் இரண்டுமே எல்லைக்குள்தான். அலகு கவனிக்காமல் 12-ஐ 10-உடன் ஒப்பிட்டு, கிணறு கெட்டது என்று யாராவது வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: மூன்று நாள் வெளியே இருந்த தண்ணீரில் நைட்ரேட்டைக் கிருமிகள் மாற்றியிருக்க முடியும். அமிலம் சேர்க்காத மாதிரியைக் குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. ஆகவே இரண்டும் ஒத்துப்போவது நல்ல அறிகுறிதான், ஆனால் அதை முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிஎச் வித்தியாசத்துக்கும் காரணம் தேடி அலைய வேண்டாம். நிலத்தடி நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும், மேலே வந்ததும் சோடாப் போத்தலைத் திறந்தது போல அது வெளியேறும், பிஎச் ஏறும். அதனால்தான் பிஎச்சைக் கிணற்றடியிலேயே அளக்கச் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அளக்கும் பிஎச், போத்தலின் பிஎச். 7.4 என்பதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். 5.9 கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் களத்தில் அளந்ததில்லை.

இரும்புதான் நின்று பார்க்க வேண்டிய இடம். ஆழத்தில் காற்றுப் படாத தண்ணீரில் இரும்பு கரைந்த நிலையில், நிறமே இல்லாமல் இருக்கும். மேலே எடுத்துக் காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் போத்தலின் அடியிலும் பக்கச்சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாள் ஆபீஸ் மேசையில் இருந்த போத்தலில் அது நடக்கத் தாராளமாக நேரம் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதித்திருந்தால் 0.18 வரும், அந்த எண்ணில் பிழை எதுவும் இருக்காது. போத்தலின் அடியில் ஒட்டியிருந்ததை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதைத் தடுக்கத்தான் உலோகத்துக்கான போத்தலில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2-க்குக் கீழே இறக்குகிறோம். அப்படிச் செய்தால் பெரும்பாலான உலோகங்களுக்கு ஆறு மாதம் வரைகூட அவகாசம் உண்டு. பாதரசத்துக்கு 28 நாள்தான். இரண்டாவது ஆய்வுக்கூடம் கொடுத்த போத்தல்களில் ஒன்றில் ஏற்கெனவே ஏதோ திரவம் இருந்தது, கழுவிவிடாதீர்கள் என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்த அமிலம்தான். கழுவாமல் விட்டீர்களே, பலர் கழுவிவிடுகிறார்கள்.

ஆனால் அதே அமிலம் இன்னொரு வேலையும் செய்யும். தண்ணீரில் சேறோ துருத்தூளோ மிதந்தால், அதிலிருக்கும் இரும்பையும் கரைத்து வெளியே இழுத்துவிடும். டின்னைக் கிணற்றில் இறக்கி மேலும் கீழும் ஆட்டி எடுத்த தண்ணீர் கலங்கியிருக்காமல் இருக்க வாய்ப்பே குறைவு. ஆகவே 5.6 என்பதில் கரைந்த இரும்பு எவ்வளவு, கலக்கிவிட்ட மண் எவ்வளவு என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க ஒரே வழி, கிணற்றடியிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பிறகு அமிலம் சேர்த்த போத்தல் ஒன்று, வடிக்காமல் அமிலம் சேர்த்த போத்தல் ஒன்று, இரண்டையும் அனுப்புவது. முதலாவது கரைந்த இரும்பு, இரண்டாவது மொத்த இரும்பு. முதலில் அமிலம் விட்டுவிட்டு அப்புறம் லேப்பில் வடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதற்குள் மண்ணிலிருந்ததும் கரைந்திருக்கும்.

இதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துவிடுகிறேன். பைப்புத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. அதைச் சொன்னது எந்த லேப்பும் இல்லை, உங்கள் தேநீர்தான். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். ஆகவே 0.18-ஐ நம்பமாட்டேன். குடிநீர்த் தரத்தில் இரும்பின் எல்லை 0.3, அதைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். 5.6 அளவுக்கு இருக்குமா என்பது சந்தேகம். இன்னொன்றும் உறுத்துகிறது. கரைந்த இரும்பு நிறைய இருக்க வேண்டுமானால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கக் கூடாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட்டும் சாதாரணமாகத் தங்காது, கிருமிகள் அதைத் தின்று தீர்த்துவிடும். இரண்டும் ஒரே கிணற்றில் சேர்ந்து வருகிறதென்றால், ஆழத்து நீரோடு மேல்மட்டத்து நீர் எங்கோ கலக்கிறது என்று சந்தேகிப்பேன். குழாயைச் சுற்றி மேலே சிமெண்டு போட்டு அடைக்காமல் விட்டிருந்தால் மழைத்தண்ணீர் குழாயை ஒட்டியே இறங்கும். பக்கத்தில் செம்பனைக்கு உரம் போடுகிறார்களா, கழிவறைத் தொட்டி எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். இது ஊகம்தான், கிணற்றை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்லக் கூடாது.

கிருமி விஷயத்தில் இரண்டு அறிக்கையும் செல்லாது. முதல் போத்தல் கிருமி நீக்கியது இல்லை, மூன்று நாள் கழித்துப் போனது. 24 மணி நேரத்துக்குள், ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டிய சோதனை அது. இடையில் கிருமிகள் செத்தும் போகலாம், பெருகியும் போகலாம். இரண்டாவதில் கயிறும் டின்னும் கையும் உள்ளே போயிருக்கின்றன. கோலிஃபார்ம் கிணற்றினுடையதா கயிற்றினுடையதா என்று யார் சொல்வது? ஆனால் இருக்கிறது என்று ஒரு தாள் சொல்லும்போது, மறுபடி சோதிக்கும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கொதிக்கவைத்துக் குடிப்பதுதான் முறை. கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றினால் இன்னும் அடர்த்தியாகும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க மட்டும் இந்தக் கிணற்றுத் தண்ணீர் இப்போதைக்கு வேண்டாம்.

என் கதையும் ஒன்று சொல்கிறேன், உங்கள் நிர்வாகத்தினரை நான் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செம்பனை ஆலையின் கழிவுக் குளத்தைச் சுற்றியிருந்த கண்காணிப்புக் கிணறுகளில் மாதிரி எடுக்கப் போனேன். ஐஸ் கொண்டுபோக மறந்துவிட்டேன். பசாரில் மீன்கடைக்காரரிடம் ஒரு பை ஐஸ் வாங்கிப் பெட்டியில் கொட்டி, போத்தல்களை அதில் சொருகினேன். வெயிலில் பாதி ஐஸ் உருகி, போத்தல்கள் அந்தத் தண்ணீரில் மிதந்துகொண்டே வந்தன, ஒன்றிரண்டு மூடி சரியாக முறுக்கப்படவில்லை. ஐந்து கிணற்றில் மூன்றில் அமோனியாவும் கிருமியும் கன்னாபின்னாவென்று வந்தன. அதில் ஒன்று குளத்துக்கு மேட்டுப்பக்கம் இருந்த கிணறு, அங்கே வரவே கூடாது. ஆலைக்காரர்கள் பதறிப்போனார்கள். என்னைக் காப்பாற்றியது ஒரு வெற்று மாதிரி. ஆய்வுக்கூடத்தின் சுத்த நீரை ஒரு போத்தலில் களத்திலேயே ஊற்றி, மற்றதோடு சேர்த்து அனுப்பியிருந்தேன். அதிலும் அமோனியா. சுத்த நீரில் அமோனியா எங்கிருந்து வரும்? மீன் ஐஸில் இருந்துதான். வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன். அதற்குப் பிறகு ஐஸை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டித்தான் வைப்பேன், போத்தல்களையும் தனித்தனிப் பையில் போடுவேன்.

ஆகவே அடுத்த முறை ஆய்வுக்கூடத்திடம் கொஞ்சம் சுத்த நீர் கேட்டு வாங்கி வெற்று மாதிரி ஒன்று எடுங்கள். பேட்டரித் தண்ணீர் எல்லாம் இதற்கு ஆகாது. இன்னொன்று, ஒரே பைப்பில் ஒரே நேரத்தில் இரண்டு போத்தல் பிடித்து, இரண்டாவதற்கு வேறு பெயர் எழுதி அனுப்புங்கள். இரட்டை என்று லேப்புக்குத் தெரியக் கூடாது. முடிவு வந்ததும் இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் வகுங்கள். இரும்பு ஒன்றில் 0.50, மற்றதில் 0.58 என்றால் வித்தியாசம் சுமார் 15 சதவீதம். தண்ணீருக்கு 20 சதவீதம் வரை பொதுவாக ஏற்பார்கள். எண்கள் கண்டறியும் எல்லைக்குப் பக்கத்தில் மிகச் சிறியவையாக இருந்தால் இந்தச் சதவீதக் கணக்கு அர்த்தமில்லாமல் பெரிதாகத் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கிணற்றிலிருந்து எடுக்கும் முறையைக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான். கிணற்றுக் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் தேங்கிய தண்ணீர், காற்றுப் பட்டது, குழாயில் ஊறியது. மண்ணடுக்கில் இருந்து புதிதாக வரும் நீர் வேறு. பழைய விதி, குழாயில் நிற்கும் நீரைப்போல மூன்று மடங்கை வெளியேற்றிவிட்டுப் பிடிப்பது. நாலு அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் நிற்கும். உங்கள் கிணற்றில் தண்ணீர் 4 மீட்டரில் தட்டுகிறது என்றால் 26 மீட்டருக்கு 200 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், மூன்று மடங்கு 600-க்கு மேல். மோட்டார் நிமிடத்துக்கு 20 லிட்டர் இறைத்தால் அரை மணி நேரம். வாளியை வைத்து எத்தனை வினாடியில் நிறைகிறது என்று பார்த்தால் கணக்குக் கிடைத்துவிடும்.

ஆனால் மூன்று மடங்கு என்பது மந்திர எண் இல்லை. இப்போது பெரும்பாலும் நம்புவது அளவுகள் நிலைபெறுவதைத்தான். மூன்று நான்கு நிமிட இடைவெளியில் பிஎச், மின்கடத்துத்திறன், வெப்பநிலை, கலங்கல் எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருப்போம். தொடர்ந்து மூன்று முறை பிஎச் 0.1-க்குள்ளும், கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால் பிடிக்கலாம். கண்காணிப்புக் கிணறுகளில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாக, மண் கலங்காமல் மெதுவாக இறைக்கும் முறை 1990-களில் இருந்து பரவலானது. கோயில் கிணற்றுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் டின் கட்டி இறக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். மோட்டார் இப்போது சரியாகிவிட்டது என்கிறீர்களே, அதிலேயே எடுங்கள். தொட்டிக்கும் வடிகட்டிக்கும் முன்னால் இருக்கும் பைப்பில் பிடிக்க வேண்டும். தொட்டிக்குப் பிறகு பிடித்தால் தொட்டியைத்தான் சோதிக்கிறீர்கள். நாகம் பூசிய இரும்பு பைப்பாக இருந்தால் துத்தநாகம் கூடுதலாகக் காட்டும். பவுடர் போட்ட கையுறையும் அதே வேலையைச் செய்யும். புல்வெட்டும் மெஷினுக்கான பெட்ரோல் டின் இருக்கும் காடியில் போத்தல்களை ஏற்றாதீர்கள்.

ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுக்க, ஜபாத்தான் ஸ்டாண்டர்ட் மலேசியா என்ற அரசாங்கத் தரத் துறையின் சாம் (SAMM) ஆய்வுக்கூட அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஐஎஸ்ஓ 17025 தரத்தின்படி தரப்படுவது. ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: அங்கீகாரம் ஆய்வுக்கூடத்துக்கு மொத்தமாக இல்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. இரும்புக்கு இருக்கும், கிருமிக்கு இருக்காது. பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாதிரி எடுத்த தேதி, வந்து சேர்ந்த தேதி, சோதித்த தேதி மூன்றும் அறிக்கையில் தனித்தனியாக இருக்க வேண்டும். உங்கள் மாதிரியில் தெரிந்த அளவு இரும்பைச் சேர்த்து, அது எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று சோதித்தார்களா என்றும் கேட்கலாம். உலோகங்களுக்கு 75-இலிருந்து 125 சதவீதத்துக்குள் வந்தால் ஏற்பார்கள். கேட்டதும் முகம் சுளிக்கும் இடமாக இருந்தால் வேறு இடம் போங்கள்.

இல்லை என்று அறிக்கையில் வருவதையும் கவனமாகப் படியுங்கள். 0.01-க்குக் கீழே என்றால் அந்தக் கருவிக்கு அதற்குக் கீழே தெரியவில்லை என்றுதான் பொருள். தேடாதது வேறு கதை. 1992-இல் பங்களாதேஷில் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் சுமார் 150 குழாய்க் கிணறுகளைச் சோதித்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள், ஆர்செனிக்கைப் பார்க்கவில்லை. அந்த நாட்டில் கோடிக்கணக்கானோர் ஆர்செனிக் கலந்த கிணற்று நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்செனிக்கைத் தேடாமல் விட்டதற்காகப் போட்ட வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போய் 2006-இல் தள்ளுபடியானது. உங்கள் பக்கம் பழைய ஈயக் குட்டைகள், அதாவது வெள்ளீயம் தோண்டிய குட்டைகள் இருப்பதால், ஆர்செனிக், காரீயம், மாங்கனீஸ் மூன்றையும் பட்டியலில் ஒரு முறையாவது சேர்த்துவிடுங்கள். ஏதோ இருக்கிறது என்று பயமுறுத்தவில்லை, இரண்டு அறிக்கையிலும் அந்த வரிகளே இல்லை.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சரிபார்ப்பு ஒன்று இருக்கிறது. தோட்டத்துக் கிராணி செக்ரோல் கூலிக் கணக்கைக் கூட்டிச் சரிபார்ப்பது போலத்தான். நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் தண்ணீரில் சமமாக இருந்தே ஆக வேண்டும். அறிக்கையில் இருக்கும் சோடியத்தை 23-ஆலும், கால்சியத்தை 20-ஆலும், மக்னீசியத்தை 12.2-ஆலும், பொட்டாசியத்தை 39-ஆலும் வகுத்துக் கூட்டுங்கள். குளோரைடை 35.5-ஆலும், பைகார்பனேட்டை 61-ஆலும், சல்பேட்டை 48-ஆலும், நைட்ரேட்டை (முழு நைட்ரேட்டின் எடையில்) 62-ஆலும் வகுத்துத் தனியாகக் கூட்டுங்கள். இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். 10-ஐத் தாண்டினால் எங்கோ ஓர் எண் தப்பு, அல்லது ஏதோ ஒன்று அளக்கப்படவில்லை. இரண்டு தப்பு ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் இந்தக் கணக்கு பிடிக்காது. கிருமியைப் பற்றியும் இது எதுவும் சொல்லாது.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்ய வேண்டாம். முதலில் காசில்லாத சோதனை ஒன்றைச் செய்யுங்கள். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, தொட்டிக்கு முன்னால் இருக்கும் பைப்பில் கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெள்ளைத்தாள் மேல் வையுங்கள். பிடித்தவுடனே மஞ்சளாக, கலங்கலாக இருந்தால் மண்ணோ துருவோ வருகிறது, கிணறு அமைத்தவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டிய விஷயம். பளிச்சென்று தெளிவாக இருந்து, காலையில் பார்க்கும்போது அடியில் செம்மண் போலப் படிந்திருந்தால் கரைந்த இரும்பு, காற்றூட்டி மணலில் வடித்தால் பெரும்பாலும் போய்விடும். எந்த வடிகட்டி வாங்குவது, எந்தப் போத்தல்களுக்குப் பணம் கொடுப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. அந்த டம்ளர் காலையில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.